நூறாண்டுச் சூரியனும் வீட்டு நெகட்டிவும்

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறது. வானம் தெளிந்த நாளெல்லாம் படம் எடுப்பார்கள். மேகம் மூடினால் மறுநாளுக்குக் காத்திருப்பார்கள். சாதாரண வெண்ணொளியில் தொடங்கிய இந்தப் பழக்கம், 1907-லிருந்து 393 நானோமீட்டர் அலைநீளத்தில், கால்சியம் அணுக்கள் தடம் பதிக்கும் ஊதா ஒளியிலும் ஒழுங்காக நடந்தது. 1912-லிருந்து ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியும் சேர்ந்துகொண்டது. கால்சியம் படங்கள் 2007 வரை தொடர்ந்தன. கண்ணாடித் தகடுகளிலும் பிறகு ஃபிலிமிலும் பதிந்த இந்த நெகட்டிவ்கள் சூரியனின் நூறாண்டு நாட்குறிப்பு. இன்றைய செயற்கைக்கோள்கள் பிறப்பதற்கு முன் சூரியனின் காந்தப்புலம் எப்படி ஏறி இறங்கியது என்று அறிய, உலகெங்கும் உள்ள சூரிய இயற்பியலாளர்கள் நாடும் சில தொகுப்புகளில் இதுவும் ஒன்று.

இந்தக் கால்சியம் படங்களைக் கணினிக்கு மாற்றும் வேலை இரண்டு முறை நடந்தது. முதல் முறை 8 பிட் கோப்புகளாக மாற்றினார்கள். அவற்றை வைத்து ஆய்வுக் கட்டுரைகளும் வந்தன. கூடவே அந்தக் கோப்புகளின் போதாமையும் தெரியவந்தது. பிறகு இந்திய வானியற்பியல் நிறுவனம் 4096 × 4096 பிக்செல் கொண்ட, குளிரூட்டிய சிசிடி கேமராவையும் சீரான ஒளி தரும் உட்குழிந்த கோளத்தையும் வைத்து, எல்லாவற்றையும் 16 பிட்டில் மறுபடி எடுத்தது. மறுபடி எடுக்க முடிந்தது எதனால்? முதல் ஸ்கேன் முடிந்ததும் ‘இனி இவை எதற்கு’ என்று தகடுகளை யாரும் அப்புறப்படுத்தவில்லை. அதனால்தான்.

வீட்டுப் பீரோவில் ஸ்டூடியோ கவர்களில் கிடக்கும் நெகட்டிவ்களுக்கும் இதே விதிதான். பார்ப்பதற்கு ஒரு நகல் போதும் என்று தொடங்கினால், மலிவான ஸ்கேனரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். ஐம்பது ஆண்டு கழித்து வேறொருவர் திறந்து, நாம் இன்று கேட்காத கேள்விகளுக்கும் விடை தேடும்படி இருக்க வேண்டுமென்றால், ஸ்கேன் என்பதை ஓர் அளவெடுப்பாகக் கருத வேண்டும். எதை, எந்தக் கருவியால், எந்தப் பக்கம் வைத்து, எப்போது அளந்தோம் என்பதும் அந்த அளவோடு சேர்ந்தே போக வேண்டும்.

முதலில் எதைக் காப்பாற்றுவது?

ஒரு நெகட்டிவில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, தாங்கி நிற்கும் அடித்தளம். மற்றொன்று, அதன் மேல் பூசிய ஜெலட்டின் படலம். படம் இருப்பது ஜெலட்டினில்: கறுப்பு வெள்ளையில் நுண்ணிய வெள்ளித் துகள்களாக, வண்ணத்தில் சாயங்களாக. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் கெடும்.

ஆரம்ப கால ஃபிலிம்களின் அடித்தளம் நைட்ரேட். எளிதில் தீப்பற்றும், எரிவதற்கான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள்ளும் எரியும். 1950-களின் தொடக்கத்தோடு கோடாக் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக வந்தது ‘சேஃப்டி ஃபிலிம்’ என்று ஓரத்தில் அச்சிட்ட அசிடேட். நம் வீடுகளில் உள்ள 35 மில்லிமீட்டர் ரோல்கள் பெரும்பாலும் இந்த வகைதான். எக்ஸ்ரே, மைக்ரோஃபிலிம், பிற்காலத் தட்டைத் தாள் ஃபிலிம் ஆகியவற்றில் பாலியெஸ்டர் வந்தது. அது கையால் கிழிக்க முடியாத அளவு உறுதியானது. நீண்ட ஆயுள் கொண்டது.

தீப்பற்றாத அசிடேட்டுக்கு வேறொரு நோய் இருந்தது. மேம்பட்ட டிரைஅசிடேட் ஃபிலிம் 1948-ல் அறிமுகமானது. அது கெடுகிறது என்று பத்தாண்டுக்குள்ளேயே கோடாக் நிறுவனத்துக்கு முதல் புகார் போனது. அனுப்பியது இந்திய அரசு. வெப்பமும் ஈரமும் நிறைந்த கிடங்கில் இருந்த ஃபிலிம் அது. அசிடேட் மூலக்கூறிலுள்ள அசெட்டைல் தொகுதிகளை ஈரம் பிரித்தெடுக்கிறது. அவை அசிட்டிக் அமிலமாகின்றன. வினிகரின் புளிப்பு மணம் அந்த அமிலத்தினுடையது. பிறந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டுகிறது. ஒரு கரண்டி உறைமோர் பாத்திரப் பால் முழுவதையும் தயிராக்குவதுபோல. அமில ஆவி பக்கத்து ரோல்களையும் பற்றும். அடித்தளம் சுருங்கும், மேலே உள்ள ஜெலட்டின் அவ்வளவு சுருங்காததால் புழுப்புழுவாக மடிப்பு விழும். அந்தக் கட்டத்தில் எந்த ஸ்கேனரிலும் அது தட்டையாக உட்காராது.

அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள பட நிலைப்பு நிறுவனம் இதை நீண்ட காலம் ஆராய்ந்தது. 21 டிகிரி செல்சியஸில், மிதமான ஈரப்பதத்தில் வைத்த புதிய அசிடேட் ஃபிலிமுக்கு இந்த நோய் வேகமெடுக்க நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஆகும் என்பது அதன் கணக்கு. வெப்பமும் ஈரமும் ஏற ஏற இந்தக் காலம் குறையும். ஆண்டின் பெரும்பகுதி 30 டிகிரியைத் தாண்டும் ஊர்களில் இருப்பவர்கள் இதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்கள். நோயின் அளவைக் காட்ட அந்த நிறுவனம் ஒரு சோதனைத் தாளையும் உருவாக்கியது. ஃபிலிமோடு சேர்த்து மூடிவைத்தால் நீலம் பச்சையாகி, நிலைமை முற்றினால் மஞ்சளாகும். தாள் கிடைக்காவிட்டால் மூக்கு போதும்: டப்பாவைத் திறந்ததும் புளிப்பு நெடி அடித்தால், அந்த ரோலைத் தனியே பிரித்து, வரிசையில் முதலில் வைக்க வேண்டும்.

அடுத்து வண்ண நெகட்டிவ். அதில் வெள்ளி இல்லை, கழுவும்போதே நீக்கப்பட்டுவிடும். மீதியிருக்கும் சாயங்கள் இருட்டில் வைத்தாலும் மெல்ல வெளிறும், மூன்றும் மூன்று வேகத்தில். அதனால்தான் பழைய வண்ணப் படங்கள் ஒரே பக்கமாகச் சிவந்தோ மஞ்சளித்தோ போகின்றன. ஒழுங்காகக் கழுவி உலர்த்திய கறுப்பு வெள்ளை நெகட்டிவ் இவற்றைவிடப் பொறுமைசாலி. ஆனால் கழுவியவர் அவசரப்பட்டு படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ உப்பு முழுதாக வெளியேறாமல் விட்டிருந்தால், வெள்ளி பழுப்பேறும். ஓரங்களில் நீலப் பளபளப்பு தெரிந்தால், வெள்ளி ஆக்சிஜனேறி மேலே வந்து படிந்திருக்கிறது என்று பொருள்.

ஆகவே வரிசை இது: புளிப்பு மணம் வருபவை, பூஞ்சை பிடித்தவை, வண்ணம், பிறகு நல்ல நிலையில் உள்ள கறுப்பு வெள்ளை. நமக்குப் பிடித்த படங்களிலிருந்து தொடங்குவது இயல்பான ஆசை. ஆவண வேலையில் அழியப்போவதற்குத்தான் முன்னுரிமை.

ஸ்கேனரைத் தொடும் முன்

நெகட்டிவ் ரோலின் ஓரத்திலேயே எண்கள் அச்சாகி இருக்கும். நாமாக எண் கொடுப்பதைவிட இந்த எண்ணைப் பின்பற்றுவது நல்லது. எந்த நாளிலும் கோப்பிலிருந்து நெகட்டிவுக்கும் நெகட்டிவிலிருந்து கோப்புக்கும் போய்வர முடியும். ரோலுக்கு ஓர் எண், அதற்குள் ஓரத்தில் உள்ள படச்சட்ட எண். அவ்வளவுதான். ஒரு ரோலை நான்கு, ஆறு படத் துண்டுகளாக வெட்டியிருப்பார்கள். வெட்டுவாய்களையும் எண்களையும் பார்த்துத் துண்டுகளை மறுபடி ஒரே ரோலாகச் சேர்த்துவிட்டால், படம் எடுத்த வரிசை கிடைத்துவிடும். கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் எது, பின்னால் எது என்பதை அந்த வரிசைதான் சொல்லும்.

கவரையும் ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்டூடியோவின் பெயர், பில் எண், பென்சிலில் குறித்த தேதி ஆகியவை வேறெங்கும் இருக்காது. பழைய கவர் அமிலத் தாளாக இருந்தால் நெகட்டிவை அதிலிருந்து எடுத்துவிடலாம்; கவரைத் தூர எறியக் கூடாது.

சுத்தம் செய்வதில் அடக்கம் தேவை. ரப்பர் ஊதியால் தூசியை ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் துளி போகும். விரல் ரேகையின் எண்ணெய் ஜெலட்டினில் பதிந்தால் நிலைத்துவிடும். கையுறை போட்டு ஓரத்தைப் பிடிக்க வேண்டும். பூஞ்சை படர்ந்த நெகட்டிவைத் தண்ணீரில் கழுவவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரையும் தன்மை பெற்றிருக்கும். கழுவினால் அழுக்கோடு படமும் போய்விடும். அத்தகைய நெகட்டிவை உலர்ந்த நிலையிலேயே ஸ்கேன் செய்துவிட்டு, மற்றதைப் பாதுகாப்பு நிபுணரிடம் விடுவதுதான் சரி.

ஒளியை அளப்பது

ஸ்கேனர் செய்வது ஒரே வேலை: நெகட்டிவின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு ஒளியைக் கடத்துகிறது என்று அளப்பது. புகைப்படக்காரர்கள் இதை அடர்த்தி என்ற மடக்கை அளவில் சொல்வார்கள். பத்தில் ஒரு பங்கு ஒளி கடந்தால் அடர்த்தி 1. நூறில் ஒரு பங்கு என்றால் 2. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 3.

8 பிட்டும் 16 பிட்டும் இங்கேதான் வேறுபடுகின்றன. 8 பிட் கோப்பில் 256 படிகள். ஒளியை அப்படியே நேர்விகிதமாகப் பதிந்தால், 256-ல் ஒரு பங்குக்கும் குறைவான ஒளிக்கு அதில் படியே இல்லை. அதாவது அடர்த்தி 2.4-க்கு மேல் எல்லாம் ஒரே கறுப்பு. 16 பிட்டில் 65,536 படிகள். இதில் உள்ள எல்லாப் படிகளும் உண்மையான தகவல் அல்ல, கருவியின் இரைச்சலும் கலந்திருக்கும்; ஆனாலும் அடர்ந்த பகுதிகளுக்கு இடம் இருக்கிறது. நெகட்டிவில் மிக அடர்ந்த பகுதி எது? நேரில் மிக வெளிச்சமாக இருந்தது. வெயிலில் நின்றவரின் வெள்ளை வேட்டி மடிப்புகளும், பட்டுப் புடவையின் ஜரிகை மினுக்கமும், கோபுரத்துக்குப் பின்னால் இருந்த மேகமும் அங்கேதான் உள்ளன. கொடைக்கானல் கால்சியம் படங்களில் அந்த இடத்தில் இருப்பவை சூரியனின் காந்தச் செயல்பாடு மிகுந்த பொலிவுப் பகுதிகள். ஆய்வாளருக்கு வேண்டியதும் அவைதான்.

அடுத்தது நுணுக்கம். 35 மில்லிமீட்டர் படச்சட்டத்தின் அளவு 24 × 36 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 4,000 பிக்செல் வீதம் எடுத்தால் 5,669 × 3,780, அதாவது சுமார் 21 மெகாபிக்செல். இது மில்லிமீட்டருக்கு 157 பிக்செல். ஒரு கோட்டையும் அதன் இடைவெளியையும் பிரித்தறியக் குறைந்தது இரண்டு பிக்செல் தேவை என்பதால், மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 79 கோட்டிணைகள் வரை பிடிபடும். கையில் பிடித்து எடுத்த குடும்பப் படங்களில் இதைவிட நுணுக்கம் இருப்பது அரிது. அமெரிக்க அரசு நிறுவனங்களின் எண்ணிமமாக்க வழிகாட்டியும் இத்தகைய ஃபிலிமுக்கு அதன் உச்சத் தரமாக 4,000-ஐயே வைக்கிறது. அதே கணக்கில் 120 ஃபிலிமின் சதுரப் படம் 78 மெகாபிக்செல் ஆகும்.

பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பக் கூடாது. 6,400 என்று விளம்பரப்படுத்தும் தட்டை ஸ்கேனர் அத்தனை பிக்செல் தரும். ஆனால் அதன் லென்ஸ் பிரித்தறிவது அதில் பாதிக்கும் கீழே. கோப்பு பெருக்கும், விவரம் பெருகாது. 1951-ல் அமெரிக்க விமானப்படை வகுத்த கோட்டுச் சோதனை அட்டை இன்றும் கிடைக்கிறது. அதை ஒருமுறை ஸ்கேன் செய்து, எந்தக் கோடுகள் வரை தனித்தனியாகத் தெரிகின்றன என்று பார்த்தால் கருவியின் உண்மைத் திறன் தெரிந்துவிடும்.

நெகட்டிவுக்கென்றே செய்த தரமான ஸ்கேனர்கள் பல இப்போது உற்பத்தியில் இல்லை. அதனால் பலர் டிஜிட்டல் கேமராவுக்கு மாறியிருக்கிறார்கள். 24 × 36 சென்சாரும் உயிரளவுக்கு உருவம் தரும் மேக்ரோ லென்ஸும் இருந்தால், 24 மெகாபிக்செல் கேமராவே அங்குலத்துக்கு 4,200 பிக்செல் தந்துவிடும். சென்சாரும் ஃபிலிமும் துல்லியமாக இணையாக இருக்க வேண்டும். ஃபிலிம் இருக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் சட்டத்தின் நடுவில் விழும்வரை கேமராவைச் சரிசெய்தால் போதும். ஃபிலிம் இல்லாமல் வெறும் ஒளிப்பலகையையும் ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும். ஓரங்களில் ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதை அது காட்டும். பிறகு கணக்கிட்டுச் சரிசெய்யலாம். கொடைக்கானல் வேலைக்குச் சீரான ஒளிக்கோளம் தேவைப்பட்டதும் இதே காரணத்தால்தான். ஓரம் மங்கியது சூரியனாலா, விளக்காலா என்ற சந்தேகம் அளவெடுப்பில் இருக்கக் கூடாது.

தூசியை நீக்க ஸ்கேனர்கள் அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவது உண்டு. வண்ண ஃபிலிமின் சாயங்கள் அந்த ஒளியைத் தடுப்பதில்லை. தூசியும் கீறலும் தடுக்கும். ஆகவே எது படம், எது தூசி என்று பிரித்துவிடலாம். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளியும் அந்த ஒளியைத் தடுப்பதால் இந்த வித்தை பலிக்காது. போட்டால் படத்தையே தூசியென்று நினைத்து அழிக்கும். வண்ணத்திலும் திருத்தத்தை மூலக்கோப்பில் செய்யாமல், அகச்சிவப்புப் பதிவைத் தனியே சேமித்து வைப்பது நல்லது.

மூலக்கோப்பில் இன்னொன்றும் செய்யக் கூடாது: நெகட்டிவைப் பாசிட்டிவாகப் புரட்டுவது. வண்ண நெகட்டிவின் ஆரஞ்சு நிறம் அழுக்கல்ல. சாயங்கள் தேவையில்லாத ஒளியையும் விழுங்கும் குறையை ஈடுகட்டத் திட்டமிட்டுச் சேர்த்த நிறம். அதைக் கழித்து நிறங்களைப் புரட்ட ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது. அவை ஆண்டுதோறும் மாறுகின்றன. நெகட்டிவை நெகட்டிவாகவே 16 பிட்டில், ஓரத்து வெற்று ஃபிலிமும் கொஞ்சம் தெரியும்படி வைத்திருந்தால், நாளைய சிறந்த வழியை நாளைக்குப் பயன்படுத்தலாம்.

கோப்புக்குப் பெயரும் பிறப்புச் சான்றும்

மூலக்கோப்புக்கு டிஃப் வடிவம் நம்பகமானது. அதன் ஆறாம் பதிப்பு 1992-ல் வந்தது. விதிமுறை வெளிப்படையாக இருப்பதால் எந்தக் காலத்திலும் யாரும் அதைப் படிக்கும் மென்பொருள் எழுதிக்கொள்ளலாம். கேமராவில் எடுத்தால் அதன் ‘ரா’ கோப்பையோ, டிஎன்ஜி வடிவில் மாற்றியதையோ வைக்கலாம். ஜேபெக் கோப்பு வாட்ஸ்அப்பில் அத்தைக்கு அனுப்புவதற்கு; மூலத்துக்கு அல்ல. அது சுருக்கும்போது விவரத்தை எறிந்துவிடுகிறது. மேலும் 8 பிட்தான்.

ஒரு வண்ணப் படச்சட்டம் 16 பிட் டிஃப்பில் சுமார் 128 மெகாபைட். 36 படங்கள் கொண்ட ரோல் 4.6 கிகாபைட். நூறு ரோல் என்றால் 460 கிகாபைட் ஆகும். இன்றைய வட்டுக்கு இது சாதாரணச் சுமை. இடத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தரத்தைக் குறைக்கும் காலம் முடிந்துவிட்டது.

கோப்பின் பெயர் சுருக்கமாக, எண்களுக்கு முன் பூச்சியங்களோடு இருக்கட்டும்: ரோல் 0042, சட்டம் 17 என்பதுபோல. ‘அப்பா கல்யாணம் புதுசு’ என்று பெயரிட்டால், எந்த அப்பா, எது பழசு என்று அடுத்த தலைமுறை கேட்கும். விவரங்களைக் கோப்புக்குள்ளேயே எழுத இடம் உண்டு. படத்துக்கென்றே வகுத்த ஐபிடிசி, எக்ஸ்எம்பி என்ற முறைகளில் பெயர், இடம், நாள், குறிப்பு எல்லாம் உள்ளே போகும். அதன் நகலைச் சாதாரண அட்டவணைக் கோப்பாகவும் வைக்க வேண்டும். ஏதோ ஒரு செயலியின் ஆல்பத்துக்குள் மட்டும் எழுதிவைத்தால், அந்தச் செயலி மூடப்படும் நாளில் எல்லாம் போய்விடும். தேதி உறுதியாகத் தெரியாதபோது ‘1970-களின் நடுப்பகுதி, ஊகம்’ என்று எழுதுவது நேர்மை. கணினி தானாகப் போடும் ஸ்கேன் தேதியைப் படமெடுத்த தேதியாக விட்டுவிடுவது வருங்காலத்தை ஏமாற்றுவது.

இவை சில்லறை விஷயங்கள் அல்ல என்பதைச் சூரியப் படங்கள் தெளிவாகக் காட்டும். பூமியிலிருந்து பார்க்கையில் சூரியனின் அச்சு ஆண்டு முழுவதும் இருபுறமும் 26 டிகிரிக்கு மேல் சாய்ந்தாடுவதுபோலத் தெரியும். எந்த நாள், எந்த நேரம், தகட்டில் வடக்கு எது என்று தெரியாவிட்டால், சூரியப்புள்ளியின் பரப்பை அளக்கலாம்; அது எந்த அட்சரேகையில் இருந்தது என்று சொல்ல முடியாது. தகட்டைப் பக்கம் மாற்றி வைத்தால் கிழக்கு மேற்காகிச் சூரியன் எதிர்த்திசையில் சுழலும். வீட்டு நெகட்டிவிலும் மங்கலான ஜெலட்டின் பக்கம், பளபளக்கும் அடித்தளப் பக்கம் என்று இரண்டு உண்டு. மாற்றி வைத்தால் பாட்டியின் முந்தானை வலது தோளில் விழும். சட்டைப் பை வலப்பக்கம் போகும். கடைப் பலகை கண்ணாடியில் பார்த்ததுபோலத் தெரியும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதையும் ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும்.

கோப்பும் கெடும்

ஃபிலிம் கெடும்போது முகத்திலேயே தெரியும். கோப்பு கெட்டால் திறக்கும் நாள்வரை தெரியாது. இதற்கு மருந்து சரிபார்ப்பு எண். எஸ்ஹெச்ஏ-256 போன்ற கணக்குமுறை, எவ்வளவு பெரிய கோப்பையும் 64 எழுத்துக் கையொப்பமாகச் சுருக்குகிறது. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கையொப்பம் முற்றிலும் மாறிவிடும். ஸ்கேன் முடிந்த அன்றே இந்த எண்களைப் பதிந்துவிட்டு, ஆண்டுக்கொரு முறை மறுபடி கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நூலகங்கள் கோப்புகளையும் அவற்றின் எண்களையும் ஒரே கட்டாகக் கட்ட ‘பேக்இட்’ என்ற ஒழுங்கைப் பின்பற்றுகின்றன. உள்ளே இருப்பது சாதாரண உரைக்கோப்பும் கோப்புறைகளும் மட்டும். எந்தக் கணினியிலும் திறக்கும்.

ஒப்பிட்டுப் பார்த்துக் கெட்டது தெரிந்தால், மாற்ற நல்ல நகல் வேண்டுமல்லவா? அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 விதி எளியது: மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். மூன்றாவதைப் பலர் தள்ளிப்போடுவார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளில் ஆல்பமும் கணினியும் ஒன்றாகத்தான் நனைந்தன. அடுத்த மாதமே, 2016 ஜனவரியில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வானியல் தகட்டுக் காப்பகத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து, சுமார் 61,000 கண்ணாடி நெகட்டிவ்கள் மூழ்கின. பூஞ்சை பிடிக்காமலிருக்க அவற்றை உறையவைத்து, பிறகு சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. உலகின் மிகப் பெரிய வானத் தகட்டுத் தொகுப்புக்கே இந்த நிலை. வேறு ஊரில் இருக்கும் தங்கையின் வீட்டில் ஒரு வட்டை வைத்தாலே இந்த விதி நிறைவேறிவிடும்.

ஃபோனிலிருந்து மேகச் சேமிப்புக்குத் தானாக ஒத்திசைவது காப்பு நகல் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். வட்டுகளை ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புதியவற்றுக்கு மாற்ற வேண்டும். மாற்றியதும் கையொப்பங்களை ஒப்பிட வேண்டும். மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் எஸ்எஸ்டி தன் மின்னூட்டத்தை மெல்ல இழக்கும் என்பதால், பெட்டியில் பூட்டிவைக்க அது ஏற்றதல்ல.

நெகட்டிவைத் திருப்பி வைப்பது

ஸ்கேன் முடிந்த நெகட்டிவைப் பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையில் வைக்க வேண்டும். பிவிசி உறை வேண்டாம். அது வெளியிடும் பொருள்கள் ஃபிலிமைக் கெடுக்கும், ஒட்டிக்கொள்ளவும் செய்யும். வழவழப்பான கண்ணாடித்தாள் உறையும் ஈரக்காலத்தில் ஜெலட்டினோடு ஒட்டும். அந்துருண்டை போடக் கூடாது. மொட்டைமாடி வெயில் இறங்கும் பரணும், மழைக்கு ஓதம் ஏறும் சுவரோரமும் ஆகாது. வீட்டின் நடு அறையில், தரையிலிருந்து உயர்ந்த தட்டு மேல். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை முளைக்கும். 30-க்கும் 50-க்கும் இடையில் வைத்திருப்பது நல்லது. அதற்குச் சிலிக்கா ஜெல்லும் மலிவான ஈரமானியும் உதவும். புளிக்கத் தொடங்கிய அசிடேட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சிதைவு வெகுவாகத் தணியும். அப்படி வைப்பதானால் இரண்டு உறைகளில் காற்றுப்புகாமல் மூடி வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லையென்றால் பனித்துளி ஜெலட்டின் மேல் படியும்.

இத்தனைக்கும் பிறகு, ‘ஸ்கேன்தான் இருக்கிறதே, நெகட்டிவ் எதற்கு’ என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழும். 8 பிட்டில் நின்றுபோகாத கொடைக்கானல் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஸ்கேன் இன்றைய கருவியின் கருத்து; சாட்சி நெகட்டிவ்தான்.

இந்தச் சாட்சிகள் வேகமாகக் குறைந்துவருகின்றன. சிறு நகரங்களில் ஸ்டூடியோக்கள் மூடப்படும்போது, பழைய நெகட்டிவ்கள் அவற்றிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்ட உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பதிவு செய்திருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அச்சு நூல்களுக்குச் செய்துவரும் பணியும் நாம் அறிந்ததே. எல்லா ஊருக்கும் அவர்கள் வர முடியாது. உங்கள் உறவில் ஸ்டூடியோ நடத்தியவர் இருந்தால், பழைய இரும்புக் கடைக்காரர் வருவதற்கு முன் ஒருமுறை போய்ப் பாருங்கள். டப்பாக்களைத் திறந்து மோந்து பாருங்கள். கவர்களில் எழுதியிருப்பதைப் படித்து, படத்தில் இருப்பவர்கள் யாரென்று அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேனரைப் பிறகுகூட வாங்கலாம். பெயர் சொல்லக்கூடிய மனிதர் இருக்கும்போதே பெயரைக் கேட்டாக வேண்டும்.